எங்கள் வீடு மட்டும்

கரண்ட் போன புளியரை இரவில்
நாற்றம்தான் எழுப்பிவிட்டது.
மெழுகுவர்த்திக்கென்று தீப்பெட்டியைத் திறந்த
லத்தீபின் மணிக்கட்டைப் பிடித்தேன்,
இறுக்கமாக.

ரெகுலேட்டரைத் தடவித் தடவித் திருகி மூடினேன்.
வாசல், கொல்லை, ஜன்னல், எல்லாம் விரியத் திறந்தேன்.
பூனை மாதிரி தரையோடு பதுங்கிக் கிடக்கும் அது;
விரட்ட முடியாது,
வழிவிடத்தான் முடியும்.

மகளைப் போர்வையோடு தூக்கித்
தெருவுக்கு வந்த பிறகு உறைத்தது:
கரண்ட் வந்தால்?
உள்ளே ஃப்ரிட்ஜ் டக்கென்று விழிக்குமே.
வெளிச்சுவரில்தான் மெயின்.
லத்தீப் ஓடிப்போய் இறக்கினான்.

செக்போஸ்ட் லாரிகள் பக்கம் போய் போனை எடுத்தேன்.
கேரளம் வரவேற்கிறது என்றது குறுஞ்செய்தி.
அவசர எண்ணில் ஒருவர்
கொட்டாவியோடு எடுத்தார்.

அப்போது வந்தது கரண்ட்.
தெரு முழுக்க வெளிச்சம்.
எங்கள் வீடு மட்டும் இருட்டாக,
நல்ல பிள்ளையாக நின்றது.

லத்தீப் கையில் இன்னும் அந்தத் தீப்பெட்டி.