நோ எஸ்தா

மூன்றாம் குளத்தில் ஆக்ஸிஜன் மூணு புள்ளி எட்டு.
நோட்டில் எழுதிவிட்டு
ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் வருகிறேன்.
திருமுல்லைவாசலில் எனக்குச் சிக்னல் நிற்கிற ஒரே இடம்
உப்புப் பூத்த இந்தச் சுவர்தான்.
எனக்கு ராத்திரி மூணு.
மார்செலோவுக்குச் சாயந்திரம் நாலரை,
எக்வடாரில், குவாயாகில் பக்கம்,
அவனும் ஓர் இறால் குளத்தின் கரையில்.
இரண்டு பக்கமும் ஏரேட்டர் தண்ணீரை அடிக்கிறது.
அதை மட்டும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

தீவனக் கம்பெனி ஏற்படுத்திக் கொடுத்த பழக்கம்.
வாரம் ஒருநாள் பேச வேண்டும்.
ஸ்பானிஷ் வந்துவிட்டால் அடுத்த வருஷம்
ஆறு மாசம் அங்கே அனுப்புவார்களாம்.
முதலில் கற்ற சொல் இறால்,
அடுத்தது செத்தது,
அதற்கடுத்தது எத்தனை.
இதை வைத்தே ஒரு மாதம் ஓட்டினோம்.

எழிலரசி அவன் வாயில் நுழையவில்லை.
எலி என்கிறான்.
எலி என்றால் என்னவென்று சொல்வதற்கு
விலங்குகள் பாடம் இன்னும் வரவில்லை.

ஆறு அவர்களுக்கு ஆண். எல் ரியோ.
பஸ் கொள்ளிடத்தைத் தாண்டும்போது
ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
ஆணோ பெண்ணோ,
கீழே மணல்தான் இருந்தது.

'இரு' என்பதற்கு அவர்களிடம் இரண்டு சொல்.
ஸேர், எஸ்தார்.
எல்லாரும் தடுக்கி விழுகிற இடமாம்.
நான் விழவில்லை.
நான் எழில் என்கிறோமே, அதில் 'இரு' கிடையாது,
அந்த வெற்றிடத்தில் ஸேர் போடு.
குளத்தில் இருக்கிறேன், சோர்வாக இருக்கிறேன்,
வாய்விட்டு 'இரு' வந்தால் எஸ்தார்.
எந்தப் புத்தகத்திலும் பார்க்காத இந்தச் சூத்திரத்தை
உப்பு மீட்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்தேன்.
பத்துக்கு எட்டு தடவை சரியாக வரும்.

அப்பா என்ன செய்கிறார்
என்று ஒருநாள் கேட்டான்.
லஸ்கருக்கு அங்கே என்ன சொல்?
மதகு, ஷட்டர், பொதுப்பணித்துறை,
எதுவும் தெரியாது.
நிகழ்காலம் மட்டுமே படித்திருந்தேன்.
அப்பா தண்ணீரைத் திறக்கிறார், என்றேன்.
மார்செலோ கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, "எல்லோருக்குமா?"
கடைமடை வரைக்கும் என்று சொல்ல ஆசை.
ஸீ, என்றேன்.

அவரோடு பேச வேண்டும், கூப்பிடு, என்றான்.
அப்பா இல்லை, என்றேன்.
அதாவது
'இரு'வுக்கு எஸ்தார் என்றால்
'இல்லை'க்கு
நோ எஸ்தா.
சூத்திரம் சரியாகத்தான் வேலை செய்தது.

"எத்தனை மணிக்கு வருவார்?"

சீர்காழி ஆஸ்பத்திரி வராந்தா.
கையில் டோக்கன் நாற்பத்தொன்று,
முப்பத்தெட்டில் நின்றுபோன வரிசை.
சட்டைப்பையில் ஷட்டர் கிரீஸ் கறை.
இதற்கெல்லாம் இறந்தகாலம் வேண்டும்.
அது ஒன்பதாம் பாடம்.
நான் ஆறில் இருந்தேன்.

தெரியாது, என்றேன்.
அந்தச் சொல் எனக்கு நன்றாக வரும்.

இப்போது ஒன்பது முடிந்துவிட்டது, பத்தும்.
இறந்தகாலம் இரண்டு வகை, இரண்டும் மனப்பாடம்.
நேற்றுச் செத்த இறால் எத்தனை,
நேற்றெல்லாம் செத்துக்கொண்டிருந்தவை எத்தனை,
பிரித்தே சொல்கிறேன்.

ஆனாலும் வாராவாரம், போனை வைக்கும் முன்,
அப்பா வந்துவிட்டாரா, என்கிறான்.
தோதவியா நோ.
இன்னும் இல்லை.
உச்சரிப்பு தேறிவிட்டது, எலி, என்கிறான்.

மேட்டூரில் தண்ணீர் விட்டுவிட்டார்களாம்.
இந்தப் பக்கம் வந்துசேர இரண்டு வாரமாவது ஆகும்.
அவனிடம் சொல்ல ஒரு வாக்கியம் தயார் செய்திருக்கிறேன்.
அதில் அப்பா மதகடியில்,
லுங்கியை மடித்துக் கட்டி,
எந்தக் காலமும் ஒட்டாத வினைச்சொல்லோடு

நாலாம் குளத்தில் அலாரம்.
போக வேண்டும்.