நான்காம் கட்டம்

ரிச்சி தெருவில் இர்ஃபான் எண்பது ரூபாய் சொன்னான்,
அறுபதுக்கு இறங்கினான்.
சீட்டுக்கட்டு அளவு போர்டுக்கு
நகமளவு அலுமினியச் சீப்பு,
அதன் தலையில் உட்கார ஒரு குட்டி விசிறி.
"இதுல என்னண்ணே ஓட்டப்போற, ராக்கெட்டா?"
ஆமாம் என்றேன். பொய்யில்லை.

முப்பது வருடப் பழைய ஆட்டம் அது.
ஒரு நீலக் கப்பல், கீழிருந்து மேலே.
நான்காம் கட்டத்தில் எட்டுக்கால் எதிரி வந்து
தோட்டாக்களைப் பொரியாய்ப் பொரிக்கும்.
அங்கேதான் போர்டுக்கு மூச்சு முட்டும்.
பாட்டரி தீர்ந்த ரேடியோபோல இசை இழுபடும்.
தோட்டாக்கள் தண்ணீருக்குள் நடப்பதுபோல வரும்.

ஜெபராணி ஸ்டான்லியில் இரவு டியூட்டி முடித்து
வியாசர்பாடி மூன்றாம் மாடி ஏறி வருவாள்.
சுவரில் சாய்ந்து காலை நீட்டி,
தூங்குமுன் ஒரே ஒரு ஆட்டம்.
அவளுக்காகத்தான் செய்தேன்.
அவளிடம் கேட்கவில்லை.

ஆயிரத்து ஐந்நூறு என்றிருந்ததை
ஆயிரத்து எண்ணூறு ஆக்கினேன். எழுந்தது.
இரண்டாயிரம். எழுந்தது.
இரண்டாயிரத்து இருநூறு:
திரையில் வானவில் சதுரம், அப்புறம் மௌனம்.
மெமரி கார்டை உருவி
லேப்டாப்பில் செருகி, எண்ணை அழித்து,
வோல்டேஜைச் சிட்டிகை கூட்டி, மறுபடி.
மூலையில் மஞ்சள் மின்னல் கண் சிமிட்டியது.
சார்ஜர் பத்தவில்லை என்று அர்த்தம்.
பக்கத்து வீட்டுச் சகாயத்திடம் தடித்த சார்ஜர் வாங்கினேன்,
எதற்கென்று சொல்லாமல்.
விடியும்போது இரண்டாயிரத்து நூறில் நின்றது,
ஐம்பத்தெட்டு டிகிரி,
கொசுவைப்போல விசிறி ரீங்கரிக்க.
எட்டுக்கால் எதிரி வழுக்கிக்கொண்டு வந்தான்.
ஒரு பிசிறில்லை. இசையில் ஒரு சுருதி நழுவவில்லை.
அந்தப் பாட்டு அத்தனை வேகம் என்பதே
அன்றைக்குத்தான் தெரியும்.

அவள் வந்தாள். உட்கார்ந்தாள்.
மூன்றாம் உயிரும் போனபோது
கைப்பிடியைப் பாயில் வைத்தாள்.
"என்ன பண்ணி வெச்சிருக்க இதை?"
சரி பண்ணினேன் என்றேன்.
"அந்த எட்டுக்காலான் மெதுவா வருவான்.
வர்றப்ப எந்தப் பக்கம் ஒதுங்கலாம்னு பார்ப்பேன்.
ராத்திரி முழுக்க ஒருத்தனும்
மெதுவா வரல எங்கிட்ட."
திரும்பிப் படுத்தாள்.

நான் கோளாறு என்று நினைத்தது
அவள் ஒதுங்கி நின்ற சந்து.

எண்ணைப் பழையபடி மாற்றியிருக்கலாம்.
கை வரவில்லை, உண்மையைச் சொன்னால்.
ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஏற்றிய எண்.
சார்ஜரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது
சகாயம் கேட்டார், என்ன ஆச்சு என்று.
நல்லா ஓடுது, நாளைக்குத் தர்றேன் என்று
அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் கத்திரி இரண்டாம் நாள்.
மொட்டை மாடிக்கு நேர் கீழ் எங்கள் அறை,
ஏழரைக்கே சுவர் கொதிக்கும்.
அவள் படியேறும் சத்தம் கேட்டது,
இரண்டாம் மாடியில் வழக்கம்போல் நின்றாள்.
போர்டைத் தூக்கி
ஜன்னலோரம் வெயில் விழும் இடத்தில் வைத்தேன்.
விசிறியின் சிவப்பு ஒயரைப் பிடுங்கினேன்.

அறுபத்தொன்பது. எழுபத்தாறு.
மூன்றாம் கட்டம் முடிகிறது, எண்பத்தொன்று.
அதற்குமேல் சூடு ஏறினால்
போர்டு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்,
உயிர் பிழைக்க.

இசை இழுபட்டது.
அவள் தோள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தேன்.
"சரி பண்ணிட்டியா?" என்றாள், திரையிலிருந்து
கண்ணெடுக்காமல்.

வெயில் என்றேன்.