சப்பாத்தைக் கழட்டவும்

படலையில் ஒரு சிவப்பு மட்டை.
மண்டையோடு, கீழே குறுக்கே இரண்டு எலும்பு.
வாகனத்தால் இறங்கினவள் அப்படியே நின்றுவிட்டேன்.
பதினொரு வருசமாய் மிதிவெடி அகற்றும் கால்கள்,
சிவப்பைக் கண்டால் தன்பாட்டில் நிற்கும்.

பிறகுதான் பார்க்கிறேன்
மண்டையோடு சிரிக்குது.
மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை,
சாருகனுக்குப் போன கிழமை விழுந்த அதே இரண்டு.
எலும்பென்று நினைத்தது முருங்கைக்காய்.
அதற்குக் கீழே நிதுர்சனாவின் குண்டெழுத்து:
"கண்காட்சி. சப்பாத்தைக் கழட்டவும்.
ஆளுக்கு ஐந்து கச்சான்."

கச்சான் இல்லை என்றேன்.
கொப்பியைத் திறந்து, திகதி போட்டு,
அம்மா, கடன் ஐந்து என்று எழுதிக்கொண்டாள்.

வீட்டுத்திட்டக் காசு
கல்லோடு முடிந்துபோன வீடு இது.
பூசாத சுவரைப் பார்க்கும்போதெல்லாம்
எத்தனை பை சீமெந்து என்றுதான் எனக்கு ஓடும்.
இவர்களுக்கு ஒவ்வொரு கல்லும் ஒரு சட்டமாம்.
இன்னும் நூற்றிநாற்பது படத்துக்கு இடமிருக்காம்,
எண்ணிப்போட்டார்கள்.

முதற் கல்லில் இரணைமடு.
வெள்ளைச் சட்டைகளுக்கு வைத்திருந்த சொட்டுநீலம்
முழுப்போத்தலும் குளமாகிக் கிடக்குது.
திங்கட்கிழமையை நினைத்தேன்.
வாய்வரைக்கும் ஏச்சு வந்தது.
ஆனால் வான்கதவெல்லாம் திறந்துவிட்டிருக்கிறான் பெடியன்,
தண்ணி அடுத்த கல்லுக்கும் பாய்ந்து
அங்கே ஒரு மாடு நீந்துது.
மாட்டுக்கு ஏன் ஆறு கால் என்றேன்.
"நீந்தேக்க அப்படித்தான் அம்மா தெரியும்."
தெரியும்தான்.

கதிரையில் யானை.
சவர்க்காரப் பெட்டி உடம்பு, சைக்கிள் ரியூப் தும்பிக்கை,
காதுக்குப் பூவரசம் இலை.
இலை வாடினால்?
வாடினால் மாத்துவம். எங்கட யானைக்கு
ஒவ்வொரு நாளும் புதுக் காது.

கட்டாரிலிருக்கிற அப்பா
நீட்டுப் பெட்டிக்குள் மீசையோடு இருக்கிறார்.
நெற்றிக்குக் குறுக்கே ஒரு கோடு.
எங்கள் போன் கண்ணாடியில் விழுந்த வெடிப்பு,
இம்மியும் பிசகவில்லை.
அது இல்லாமல் கீறினால் அப்பா மாதிரி வருகுதில்லையாம்.
இதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

வேலையில் எனக்குக் கிடைப்பது
ஒரு நாளைக்கு ஒரு பாய் அகல நிலம்.
விரல் விரலாய்ப் போவேன்.
மண்ணில் எது மண்ணில்லையோ அதைக் காணவேணும்.
வீட்டிலும் முழங்காலில் இருந்து
அதே கண்ணோடு சுவர் முழுக்கப் போனேன்.
அகப்பட்டவை:
குடை பிடித்த எறும்பு ஒன்று,
காணாமல்போன என் மஞ்சள்தூள், சூரியனாக,
கணித ரீச்சரின் மூக்கு. ஐயோ, அவவே தான்.

கடைசிப் படம் அலுமாரிக்குப் பின்னால்.
என்னைத் தொடவிடாமல்
இரண்டுபேருமாய் இழுத்தார்கள்.

அங்கே நான்.
முழங்காலில், முகத்தை மூடிய கண்ணாடியோடு.
செங்கல்லைத் தேய்த்தெடுத்த சிவப்பில் தடிகள்,
ஒரு பக்கம் மட்டும்.
மற்றப் பக்கம் முழுக்க பச்சைப் புல்,
ஆடு, ஆட்டுக்குட்டி, ஒரு கிரிக்கெட் மட்டை,
ஆரோ கழட்டிவிட்டு ஓடின செருப்பு.
கண்ணாடிக்குள் எனக்குக் கண்ணில்லை, மூக்கில்லை.
அதில் இரண்டு சின்ன ஆட்கள் தெரிகிறார்கள்.
ஒருத்திக்கு இரட்டைப்பின்னல்.
மற்றவனுக்குப் பல்லில்லை.

"எது வடிவு, சொல்லுங்கோ?"
அறிக்கை நாளைக்கு என்றேன்.
குரல் ஒருமாதிரி வந்தது,
சோறு போடுகிற சாட்டில் குசினிக்குப் போய்விட்டேன்.

விடிய நாலரைக்கு வாகனம் வரும்.
படலையில் மட்டை அப்படியே இருக்கட்டும்.
சாரதி அண்ணர் பயந்து தூரத்திலேயே நிப்பாட்டுவார்.
ஓடிப்போய்ச் சொல்லவேணும்:
பயமில்லை, பின்னேரம் உள்ளே வாங்கோ,
வரேக்க பத்துக் கச்சான் கொண்டுவாங்கோ,
உங்களுக்கு ஐந்து. எனக்குக் கடன்.