விடத்தேரை

ஆரம்பாக்கம் தாண்டித் தடா போகும் வழியில்
என் பஞ்சர் கடை.
முக்கால் பங்கு வருமானம் ஆணியால்,
கால் பங்கு விடத்தேரையால்.

இடுப்புயரம் இல்லை, மணலை அண்டிக் கிடக்கும்.
முள்ளென்று தனியாக ஒன்றும் வளர்ப்பதில்லை,
கிளையே போய்ப் போய்
நுனியில் முள்ளாகிவிடும்.

பெஞ்சலம்மாவின் மொபெட் வாரம் தவறாது.
இறால் தீவன மூட்டையை இறக்கிவைத்துவிட்டுப்
பின்சக்கரத்தைக் காட்டுவாள்.
டியூபைத் தண்ணீரில் அமுக்குவேன்.
குமிழி வரும் இடத்தை
இரண்டு பேரும் குனிந்து தேடுவோம்.

முள்ளைக் குறட்டில் பிடித்து ஒருநாள்
"விடம். பேரிலேயே இருக்கு பாரு" என்றேன்.
"எங்க பக்கம் இது வெலுத்துரு."
"அப்படின்னா?"
"வெளிச்சம்."
அவள் பக்கம் என்பது
எல்லைக்கல்லிலிருந்து நாற்பதடி.

சித்திரையில் கம்பெனிக்காரர்கள்
ஜேசிபி விட்டு அந்தப் பக்கத்தை வழித்தார்கள்.
ஆடியில் கல்லுக்கு இந்தப் பக்கம்
வேரிலிருந்து தழைத்து வந்தது.
செக்போஸ்ட்டில் யாரும் நிறுத்தவில்லை போலும்.

இப்போது பூ.
தொங்கும் ஒரே கதிரில்
மேல்பாதி ரோஜா, கீழ்ப்பாதி மஞ்சள்.
இரண்டும் சேரும் இடத்தை
விரலால் தடவிப் பார்த்தேன், தொழில் புத்தி.
ஒட்டுப்போட்ட தடமே இல்லை.

பெஞ்சலம்மா புது ஸ்கூட்டர் வாங்கிவிட்டாளாம்,
டியூப்லெஸ் டயர்.
இரண்டு மாதமாகக் காணோம்.

கடைக்கு எதிரே ஒரு செடியை மட்டும்
வெட்டாமல் விட்டிருக்கிறேன்.
கேட்பவர்களிடம்
வியாபாரத்துக்கு என்கிறேன்.