பின்கதவு

ஏழரை மணிச் செய்தி தொடங்கியதும்
அப்பா பின்கதவைத் தாழிடுவார்.
அதன்பின் வெளியே நிற்பவர் எவரானாலும்
சொல் சொன்னால்தான் உள்ளே.

அம்மா கொடியில் துணி எடுக்கப் போயிருப்பாள்
அல்லது கோழிக்கூண்டை மூட.
தட்டினால் உள்ளிருந்து வரும்:
"பெர்ஹெந்தி! சியாப்பா?"

முன்பு சொல் என்று ஒன்று இருந்தது.
காலையில் பசியாறும்போது
வரக்கோப்பியை ஆற்றியபடியே அறிவிப்பார்.
திங்கள் தகரம். செவ்வாய் துரியான்.
ஒருமுறை வாரம் முழுக்க மாமியார்.
அம்மா சிரிக்காமல் கேட்டுக்கொள்வாள்.
நானும் தம்பியும் அந்தச் சொற்களோடுதான்
பள்ளி விட்டு, டியூஷன் விட்டு,
பிறகு செம்பனை ஆலையில் இரவு ஷிப்டு விட்டு
வீடு சேர்ந்தோம்.
மறந்துபோன ஒரு ராத்திரி
தம்பி அஞ்சடியில் மோட்டார்சைக்கிளோடு படுத்தான்,
கொசுவுக்குச் சொல் தேவைப்படவில்லை.

பதினோரு ஆண்டு ரேஞ்சர் படை.
பென்ஷனுக்குப் பத்தாண்டு குறைவு.
பதக்கம் மைலோ டின்னில்,
சட்டைப் பொத்தான்களோடு.
அப்பா புல்லில் கால் வைக்கமாட்டார்.
கோலகெட்டில் தாமானில்
சிமெண்டு போட்ட இடமெல்லாம் அவருக்கு அத்துப்படி.
பாசாருக்குப் போக அரைக்கல் தூரம் சுற்றுவார்,
அம்மா குறுக்கே நடந்து
முன்னால் போய்க் காத்திருப்பாள், கீரை வாங்கிவிட்டு.

வருடத்தில் ஒருநாள்
ஒரு கெம்போங் மீன் பொரித்துத் தனித்தட்டில் வைக்கவேண்டும்.
யாரும் தொடக்கூடாது. மறுநாள் பூனைக்கு.
பெலாயோங்.
சரவாக்கிலிருந்து வந்த இபான்காரன், தடம் பார்ப்பவன்,
எல்லைக் காட்டில் ஆறடி முன்னால் நடந்தவன்.
அவ்வளவுதான் சொல்வார்.
"ஆறடி" என்று இன்னொருமுறை சொல்லிவிட்டு
கை கழுவப் போய்விடுவார்.

இரண்டு வருடமாகச் சொல் காணாமல் போயிற்று.
கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.
என் பெயர் சில நாள் வருகிறது, சில நாள் இல்லை.
படை எண்ணை மட்டும் கேட்காமலே ஒப்பிக்கிறார்,
கிளினிக்கில், பேங்க்கில், ஒருமுறை மீன்காரனிடம்.
அம்மா வாயில் வந்ததைச் சொல்வாள்:
வெங்காயம். கரண்டு பில். உங்க தலை.
எதற்கும் திறப்பார்.

அன்றைக்கு நல்ல மழை.
நனைந்த துணியெல்லாம் தோளில், முட்டிவலி வேறு.
"பெர்ஹெந்தி! சியாப்பா?"
ஏன் சொன்னாளோ, அவளுக்கே தெரியாதாம்.
"பெலாயோங்" என்றாள்.

தாழ் விழவில்லை.
நான் எடைச்சீட்டுகளை எண்ணுவதை நிறுத்தினேன்.
லோரி ஒன்று மேட்டில் கியர் மாற்றி ஏறி முடித்தது.
அப்புறம் கதவு முழுதாகத் திறந்தது.
"லம்பாட்னியா" என்றார். இவ்வளவு நேரமா.

துணியை வாங்கிக் கீழே போட்டார்.
தன் துண்டால் அவள் தலையைத் துவட்டினார்.
தன் நாற்காலியில் உட்காரவைத்து
சோறு போட்டார்.
நாற்பத்தாறு வருடத்தில் முதல்முறை.
மீனில் முள் எடுத்து, சதையை மட்டும்
அவள் தட்டோரம் வைத்தார், வைத்துக்கொண்டே இருந்தார்.
இரவல் சட்டை போட்டவள்போல
அம்மா குனிந்தபடி தின்றாள்.

"நாளைக்கு நான் முன்னால் போகிறேன்"
மலாயில்தான் சொன்னார்.
அம்மாவுக்குத் தெரிந்தது பாசார் மலாய்,
மீனுக்கும் காய்க்கும் போதுமானது.
"பாயெக்" என்றாள்.
அவர் தலையாட்டிவிட்டுத் தூங்கப்போனார்.
தட்டை அவள் இரண்டுமுறை கழுவினாள்.
தம்பிக்கு ஃபோனில் சொல்லவேண்டாம் என்றாள்.

மறுநாள் மழை இல்லை.
கூண்டை மூடிவிட்டு வந்து தட்டினாள்.
"பெர்ஹெந்தி! சியாப்பா?"
கதவுக்கு அந்தப் பக்கம்
வெகுநேரம் சத்தமே இல்லை.
நான் எழுந்துபோய்த் திறக்கலாமா என்றிருந்தேன்.

"வெங்காயம்" என்றாள்.
திறந்தார்.
சோற்றை அவளே போட்டுக்கொண்டாள்.