ஐந்தாம் பக்கம்

லைட் ஸ்திரீட் வழக்கறிஞர் அறையில்
குளிர்சாதனம் சொட்டிக்கொண்டிருக்கிறது.
தயாளன் எழுதி வந்த பதினொரு பக்கப் புகாரில்
ஐந்தாம் பக்கம் நான்.

சிற்றன்னை மேடான்காரி.
அப்பா போய் மூன்று வருடம்,
கடை முத்திரை இன்னும் அவள் கைப்பையில்.
மேடான் கோவிலுக்கு வெள்ளிக் கவசம், யாரைக் கேட்டு?
விடியுமுன் விளக்கேற்றி முணுமுணுக்கிறாள்.
மார்ச்சில் என் மனைவிக்குக் கரு கலைந்தது.

இதை நான் முன்பே படித்திருக்கிறேன்.
மூவாயிரத்துச் சொச்சம் வருடங்களுக்கு முன்
ஹத்தூசாவில், களிமண்ணில்,
முர்சிலி என்றோர் அரசன்
ஏறக்குறைய இதே வரிசையில் முறையிட்டான்.
சிற்றன்னை பாபிலோன்காரி.
அப்பன் செத்தும் அவள் பட்டம் சாகவில்லை;
ஹிட்டைட்டுகள் வழக்கம் அது,
தவனன்னா என்றால் மூச்சு நிற்கும்வரை தவனன்னா.
அரண்மனைச் சொத்தை வாரி இறைத்தாள்.
இரவும் பகலும் தெய்வங்கள் முன் நின்று
என் மனைவியைச் சபித்தாள்.
கசுலாவியா இறந்தாள்.

குறி கேட்டான். கொல்லலாம் என்றது குறி.
கொல்லாமல், பட்டத்தைப் பிடுங்கித் துரத்தினான்.
அவளுக்கு இன்னும் ரொட்டி உண்டு, தண்ணீர் உண்டு,
தலைக்கு மேல் சூரியன் உண்டு என்று
அதையும் ஒரு குறையாய் எழுதிவைத்தான்.

அவன் பேசிய மண் கிடைத்திருக்கிறது.
அவள் பதில் சொன்ன மண்
எந்தக் குழியிலும் கிடைக்கவில்லை.
கசுலாவியாவை யாரும் கேட்கவில்லை,
கேட்க அவள் இல்லை.

நான் இருக்கிறேன்.

பினாங்கு பொது மருத்துவமனை, இரவு இரண்டு மணி.
சுகிர்தவல்லி அத்தை ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.
கறை படிந்த என் நைட்டியை
வார்டு குளியலறையில் அலசிப் பிழிந்தார்.
பிறகு என் கட்டில் விளிம்பில் ரசீதுகளைப் பரப்பி
முத்திரை குத்தினார், டக், டக்,
அந்தச் சத்தத்தில்தான் நான் தூங்கினேன்.

நல்லவர் என்று சொல்லமாட்டேன்.
அடகு வைக்க வாங்கிய என் வளையல்
இன்னும் திரும்பவில்லை.
அந்த முணுமுணுப்பையும் ஒருநாள் கதவோரம் நின்று கேட்டேன்:
பசார் ஸ்திரீட் கடன்காரர்களின் பெயர்கள்,
தொகை, தவணைத் தேதி.
மனப்பாடமாக. ஒரு சென் பிசகாமல்.

"இங்கே கையெழுத்து, மேடம்."

பேனாவை வாங்கி
ஐந்தாம் பக்கத்தின் மேல்
மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தேன்.
தயாளன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மீதிப் பத்துப் பக்கம்
அவர்கள் பாடு.