எண்பது பக்க நோட்டு

தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு
அவர் கேட்டார்:
"எதிர்வீட்டு கோஸ்டெல்னிக்,
வியாழன்தோறும் யார் யாரோ வருகிறார்களாமே?"

வருகிறார்கள்.
எனக்கே உறுத்திக்கொண்டுதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.
ஆறேழு பேர். திரைச்சீலையை இழுத்துவிட்டுத்தான் விளக்குப் போடுவார்கள்.
நடுவில் ஒரு சிரிப்பு.
எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாத சிரிப்பு.

"கார் எண்கள் போதும், திருமதி ஆர்டித்.
மடியில் கனமில்லாதவருக்கு வழியில் என்ன பயம்?"
போகும்போது ஒரு நோட்டை என் மடியில் வைத்தார்.
பக்கத்துக்குப் பக்கம் மூலையில் அச்சிட்ட எண்,
ஒன்று முதல் எண்பது வரை.

சொல்ல வெட்கம்.
எனக்கு அது பிடித்திருந்தது.
சமையலறை விளக்கை அணைத்துவிட்டு
சோப்பு நுரைக் கையோடு ஜன்னலோரம் நிற்பது.
பதினோரு வருடக் கல்யாணத்தில்
நீ என்ன பார்த்தாய் என்று
யாரும் என்னைக் கேட்டதில்லை.

கோஸ்டெல்னிக்கின் மனைவி
வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டாள்.
அந்த வாரம் கசகசா ரொட்டி வைத்திருந்தாள்.
முகர்ந்தேன்.
நாய்க்குப் போட்டேன்.
இரவெல்லாம் விழித்திருந்து நாயைப் பார்த்தேன்.
நாய் நன்றாகத் தூங்கியது.

ஐந்தாவது வியாழன் மழை.
அக்ரன் மழையில் ரப்பர் ஆலைக் கரியும் சேர்ந்து விழும்,
கார்களெல்லாம் ஒரே நிறம்.
தெருமுனை விளக்கில் எண்பலகைகள் மட்டும் துலங்கின.
ஒன்று, இரண்டு, மூன்று,
வரிசைக் கடைசியில் நான்காவது.
கை எழுதி முடித்த பிறகுதான்
கண் படித்தது.

அது எங்கள் கார்.

வெண்டல் பந்துருட்டப் போயிருந்தான்.
வியாழன்தோறும் போவான்.

பத்தே முக்காலுக்கு வந்தான்.
பந்துப் பையைக் கதவோர ஆணியில் மாட்டினான்.
"எவ்வளவு எடுத்தாய்?"
"நூற்று அறுபது" என்றான்
பூட்ஸ் கயிற்றைப் பார்த்தபடி.
வேறொன்றும் நான் கேட்கவில்லை.
சூப்பைச் சூடாக்கினேன்.

அவன் குறட்டை தொடங்கியதும் எழுந்து வந்தேன்.
கிழிக்கலாம்.
மூலையில் பதினேழு என்று அச்சிட்டிருக்கிறது;
பதினாறுக்குப் பிறகு பதினெட்டு வந்தால்
தொப்பிக்காரர் அதைத்தான் முதலில் படிப்பார்.
ரப்பரால் அழித்தால் காகிதம் மயிர் கூச்செறியும்.

கடைசி இலக்கம் மூன்று.
மூன்றை எட்டாக்குவது எளிது.
இடப்பக்கம் திறந்திருக்கும் இரண்டு வாய்களை
மூடினால் போதும்.

மூடினேன்.

வெள்ளிக்கிழமை நோட்டு போயிற்று.
நன்றி சொல்லிப் புதிதாக ஒன்று தந்தார், அதே எண்பது பக்கம்.

எட்டில் முடியும் அந்தக் காருக்கு
ஓஹியோவில் எங்கோ ஒருவர் இருப்பார்.
பக்கத்து இருக்கையில் முட்டைக் கூடையை வைத்துக்கொண்டு
குழிகளில் மெதுவாக ஓட்டுகிற ஒருவர்.
அவரை இப்போது
அவருடைய அலுவலகத்தில் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துகிறார்கள்.
அல்லது இன்னும் கூப்பிடவில்லை.
மளிகைக்கடை வாசலில் நான் ஒவ்வொரு எண்பலகையாகப் படிக்கிறேன்.
கண்டுபிடித்தால் என்ன சொல்வேன் என்று தெரியாமலே படிக்கிறேன்.

கோஸ்டெல்னிக் வீட்டில் வாடகைப் பலகை தொங்குகிறது.
போகும்போது என் பாத்திரம் ஒன்று அவர்களிடம் தங்கிவிட்டது.

இன்றும் வியாழன்.
வெண்டல் ஆணியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான்.
எங்கே என்று நான் கேட்கவில்லை.
அவன் படியிறங்கும்போது
பையில் கனம் இருக்கிறதா என்று
தோளைப் பார்க்கிறேன்.